அரைச்சொட்டு அக்காவும் ஆறு மில்லி எண்ணெயும்

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அரைச்சொட்டு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஏதோ ஓர் அமிலத்தை அளக்கும்போது கண்ணாடிக் குழாயின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்த அரைச் சொட்டு கூடுதலாக விழுந்துவிட்டதென்று, மூன்று மணி நேரச் சோதனையை முதலிலிருந்து மறுபடி செய்தாராம். அன்று கூட இருந்தவர்கள் வைத்த பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபப்பட மாட்டார். "முழுச்சொட்டுன்னு வச்சிருந்தாதான் எனக்குக் கோபம் வந்திருக்கும்" என்பார்.

நான் அங்கே வாசல் மேசையில் இருக்கிறேன். எண்ணெய், பால் பவுடர், சத்து மாத்திரை, சிரப் என்று கம்பெனிகள் அனுப்பும் மாதிரிகளை வாங்கி, எண் ஒட்டி, உள்ளே அனுப்புவது என் வேலை. அக்காவும் நானும் ஒன்பது வருடமாக ஒரே மேசையில் மதியம் சாப்பிடுகிறோம். இதில் நான் கண்ணால் பார்த்தது பாதி. மீதி, அக்காவும் அவருடைய அண்ணனும் தனித்தனியாகச் சொன்னது. இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் அண்ணன் சொன்னதை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லி அனுப்பினார். எனக்குச் சொன்ன காரணம், "வர்றவர் குறட்டை விடுவாரோன்னு பயம்." உண்மையான காரணம் அவருடன் ஒரே வீட்டில் இருந்தது, ஆறு வயது மூத்தது, வாரம் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் போட்டு ஒரு வார இதழுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

அண்ணனுக்கு ஆறு வயதிலிருந்து வலிப்பு. பிறவியிலேயே மரபணுவில் வந்த ஒரு கோளாறு. மூளையில் சுண்டைக்காய் அளவில் சில கட்டிகள். புற்றுநோய் அல்ல, ஆனால் இருக்கும் இடத்தில் சும்மா இருக்காது. அதே கோளாறு மூக்கைச் சுற்றிக் கன்னங்களிலும் சிவந்த பருக்களாக அப்பியிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். "சீட் தாராளமா கெடைக்குது, நல்லதுதானே" என்பார் அவர்.

சில நாள் பேச்சின் நடுவே ஒரு நிமிடம் காணாமல் போவார். கண் திறந்திருக்கும், உதடு எதையோ மெல்லும், ஆள் இருக்க மாட்டார். சில நாள் அப்படியே விழுவார். மாதத்துக்குப் பத்து, பதினொன்று. மூன்று விதமான மாத்திரை சாப்பிட்டும் அதுதான் நிலைமை. அக்கா சமையலறைக் காலண்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். விழுந்தால் பெரிய புள்ளி.

புத்திக்கு ஒரு குறையும் இல்லை. பத்தொன்பது வருடமாக அவருடைய புதிரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு கூட்டமே உண்டு. இதழிலும் வீட்டிலும் அவர் புதிர்க்காரர்தான். "நடு காலியானால் கடவுளும் போதை, இரண்டெழுத்து" என்று ஒருமுறை கேட்டிருந்தார். கடவுள் என்ற சொல்லில் நடுவில் இருக்கும் இரண்டெழுத்தை எடுத்துவிட்டால் கள். அதற்குப் பக்தர்களிடமிருந்து நான்கு கடிதம், குடிகாரர் ஒருவரிடமிருந்து ஒரு பாராட்டு.

சட்டம் மாறி, போதை தராத கஞ்சா வகையை வளர்க்கலாம் என்று ஆன பிறகு, அதிலிருந்து எடுத்த எண்ணெய்க் குப்பிகள் என் மேசைக்கு வர ஆரம்பித்தன. நாருக்கும் விதைக்கும் வளர்க்கிற வகை. ஹெம்ப் என்று குப்பிகளில் போட்டிருக்கும். முதல் குப்பி வந்த அன்று நான் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அக்கா சிரித்தார்.

"செத்த எலியா அது? ஒழுங்காப் பிடி."

"கஞ்சாவாச்சே அக்கா."

"செடி ஒன்னுதான், உள்ள இருக்கிற சரக்கு நூறு. அதுல போதை தர்றது ஒன்னு, அதுக்கு டி.எச்.சி.ன்னு பேர். இந்த வகைல அது பேருக்குத்தான் இருக்கும். இதுல அதிகமா இருக்கிறது அதோட கூடப்பிறந்தது, கன்னாபிடையால். இதைக் குடிச்சா ஆட்டமும் வராது, பாட்டும் வராது."

"அப்ப எதுக்குக் குடிக்கிறாங்க?"

"குப்பிய திருப்பிப் பாரு."

திருப்பிப் பார்த்தேன். தூக்கமின்மை, மூட்டுவலி, பதற்றம், முடி உதிர்தல், வலிப்பு, நாயின் பயம் என்று இருந்தது. நாய் பயப்படுவதற்கா நாயைக் கண்டு பயப்படுவதற்கா என்று எழுதவில்லை. "இதுல நல்லா சோதிச்சு நிரூபிச்சது வலிப்புல சில வகைதான். மத்ததுல சிலதுக்கு லேசான ஆதாரம் இருக்கு, சிலதுக்கு வாய் மட்டும்தான் இருக்கு" என்றார் அக்கா. அந்தச் சில வகைகளில் அண்ணனுடைய வகையும் ஒன்று என்று அன்று அவர் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அக்கா அண்ணனின் அறையைத் துடைக்கும்போது அகராதிகளுக்குப் பின்னால் ஒரு ஹெம்ப் எண்ணெய்க் குப்பி கிடைத்தது. பாதிக்கு மேல் காலி. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

"நீயே சோதிக்கிறவ. என்னைக் கேட்டா?"

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம். மருந்துக்கடையில நல்லா இருக்கும்னாங்க. பத்து சொட்டு, நாக்குக்கு அடியில. கொறஞ்ச மாதிரிதான் இருக்கு."

அக்கா சமையலறைக்குப் போய்க் காலண்டரைப் புரட்டினார். முதல் மாதம் பதினொன்று. இரண்டாம் மாதம் பத்து. எண்ணெய் தொடங்குவதற்கு முந்தைய மாதமும் பத்துதான்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அக்கா மேசைக்கு வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். அந்த எண்ணெயைக் கரைத்து மெஷினில் ஏற்றிவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். எண்ணெயில் இருப்பதையெல்லாம் மெஷின் தனித்தனியாகப் பிரித்துத் திரையில் மலை மலையாக வரைந்து காட்டும். கன்னாபிடையால் எழும்ப வேண்டிய இடத்தில் கோடு படுத்தே கிடந்தது. மெஷினில் அப்படி ஓட்டிய அந்தச் சோதனைக்கு என் பதிவில் எண் இல்லை. விதிப்படி நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் அக்கா சொன்னார்: "இது விதையில ஆட்டின எண்ணெய். அந்தப் பொருள் பூவுலயும் இலையிலயும்தான் இருக்கும். விதையில கிடையாது."

"அப்ப ரெண்டு மாசமா நான் குடிச்சது?"

"சாலட்ல ஊத்திச் சாப்பிட்டிருக்கலாம்."

"ஆனா நல்லா இருந்துச்சே" என்றார் அண்ணன். அந்த ஒரு சொல்தான் தன்னைத் தப்புச் செய்ய வைத்தது என்று அக்கா பின்னால் சொன்னார். வெறும் எண்ணெயிலேயே இப்படி ஒரு ஆசை இருந்தால், நிஜமானதைக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

எந்தக் கம்பெனிக் குப்பியில் சொன்ன அளவு சரியாக இருக்கிறதென்று அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று தடவை சோதித்து மூன்று தடவையும் சரியாக வந்த ஒன்று இருந்தது, மில்லிக்கு நூறு மில்லிகிராம். அதையே வாங்கினார். கடைக்காரர் சொல்லும் பத்து சொட்டெல்லாம் வலிப்புக்கு எந்த மூலைக்கு? ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படித்தார். உடல் எடையில் கிலோவுக்குப் பத்து மில்லிகிராம். அண்ணன் அறுபது கிலோ. ஒரு நாளைக்கு அறுநூறு, அதாவது ஆறு மில்லி எண்ணெய். காலையில் மூன்று, மாலையில் மூன்று. வெறும் வயிற்றில் குடித்தால் பெரும்பகுதி வீணாகும், கொழுப்போடு சேர்ந்தால் பல மடங்கு உடம்பில் ஏறும் என்பதால், வெண்ணெய் தடவிய ரொட்டிக்குப் பிறகு. ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அந்த அளவுக்கு வந்தார். அளக்கிறதில் அரைச்சொட்டு பிசகவில்லை.

மருத்துவரிடம் மட்டும் சொல்லவில்லை. அடுத்த சந்திப்புக்கு இரண்டு மாதம் இருந்தது. பலன் தெரிந்த பிறகு போய்ச் சொல்லலாம் என்று நினைத்தாராம்.

முதல் நாள் அண்ணன் கேட்டார்: "இது உள்ள போய் என்ன செய்யும்? சொல்லிட்டுக் குடு."

"முழுசா யாருக்கும் தெரியாது. நம்ம உடம்பே இந்த மாதிரிப் பொருளைக் கொஞ்சம் சுரக்குது. போதை தர்றது அதுக்கான இடத்துல போய் ஒட்டிக்கும். இது அங்க அவ்வளவா ஒட்டாது, அதனாலதான் தலை சுத்தாது. வேற இடத்துல வேலை செய்யுது. நரம்பணு ஒன்னு வெறி பிடிச்ச மாதிரித் துடிக்கிறதுக்கு முன்னாடி உள்ள கால்சியம் பொங்கும். அதை இது அடக்குதுங்கிறாங்க. அப்புறம் மூளைய அமைதிப்படுத்துற அடினோசின்னு ஒன்னு இருக்கு, அது சீக்கிரம் காணாமப் போகாமப் பார்த்துக்குது."

"வகுப்புல சத்தம் போடுற பையன வெளிய அனுப்பாம, பக்கத்துலயே போய் உக்காந்துக்கிற வாத்தியார் மாதிரி."

"அப்படியே வச்சுக்க. குடி."

முதல் மாதம் நான்கு புள்ளி. நான்கே நான்கு! அக்கா அந்த மாதம் சாப்பாட்டு மேசையில் பாட்டு முணுமுணுத்ததை நான் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் கேட்டதில்லை, நல்ல குரலும் இல்லை.

அண்ணன் தூங்க ஆரம்பித்தது இரண்டாவது வாரத்திலேயே. காலையில் குளித்துவிட்டு வந்து தூங்கினார். சாப்பிட்டுவிட்டுத் தட்டில் கை வைத்தபடி தூங்கினார். வலிப்பு குறைந்ததால் உடம்பு பழைய பாக்கித் தூக்கத்தைத் தீர்க்கிறது என்று அக்கா எடுத்துக்கொண்டார். நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து சுவரைப் பிடித்தார். செருப்பு தேய்ந்துவிட்டது என்று அக்கா புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார்.

ஐந்தாவது வாரம், வேலை நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. வார இதழின் ஆசிரியர். அக்கா என் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்று பேசினார்.

"உங்க அண்ணன் நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரே. ஏன் சார்?"

"போன வாரப் புதிர்ல இடமிருந்து வலம் ஏழும், மேலிருந்து கீழ் மூணும் ஒன்னையொன்னு வெட்டிக்கவே இல்லம்மா. பதினாறு பேர் போன் பண்ணிட்டாங்க. தப்பு எல்லாருக்கும் வரும், சரின்னு விட்டோம். இந்த வாரம் அனுப்பினதுல பாதிக் கட்டம் காலி. ஒரு குறிப்பு பாதில நிக்குது. 'மரத்தில் ஏறும்', அவ்வளவுதான். எது ஏறும்னு இல்ல."

அக்கா போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. முதல் காரியமாக உள்ளே போய் அன்று பையில் இருந்த புதுக் குப்பியைச் சோதித்தார். தயாரிப்பில் ஏதோ தப்பு, போதைப் பொருள் கலந்திருக்கிறது என்று சந்தேகம். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தார். குப்பி சரியாக இருந்தது. எழுதியிருந்த அளவு, எழுதியிருந்த பொருள். போதைப் பொருள் துளியும் இல்லை. "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். குப்பியில் தப்பு இல்லையென்றால் தப்பு வேறு எங்கேயோ இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றே அண்ணனை ஒரு டாக்ஸியில் தூக்காத குறையாக ஏற்றிக்கொண்டு போனார். நரம்பு மருத்துவர் ஓய்வு பெறும் வயதில் இருந்த ஓர் அம்மா. இரண்டு சொல்லில் முடிவதை மூன்று சொல்லாக்க மாட்டார்.

"எத்தனை நாளா குடுக்கிறீங்க?"

"அஞ்சு வாரம்."

"எவ்வளவு?"

"அறுநூறு மில்லிகிராம். ஒரு நாளைக்கு."

"யார் எழுதிக் குடுத்தா?"

அக்கா தரையைப் பார்த்தார். "நான்தான்."

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "இவர் சாப்பிடுற மூணு மாத்திரையில ஒன்னு க்ளோபசாம். அது கல்லீரல்ல உடைஞ்சு இன்னொரு பொருளாகும். அந்தப் பொருளுக்கும் வலிப்ப அடக்குற குணம் உண்டு, தூக்கமும் வரும். வேலை முடிஞ்சதும் கல்லீரல்ல ஒரு கவுண்டர் வழியாத்தான் அது வெளிய போகணும். உங்க எண்ணெய் போய் அந்தக் கவுண்டர மறிச்சுக்கிட்டு நிக்குது. பின்னாடி கூட்டம் சேருமா சேராதா?"

"சேரும்."

"ரத்தத்துல பார்ப்போம்."

பார்த்தார்கள். இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு இருந்தது.

"ஆனா வலிப்பு நாலாக் கொறஞ்சுது டாக்டர்" என்றார் அக்கா. கெஞ்சுகிற குரலில் சொன்னார் என்று அண்ணன் சொன்னார்.

"கொறஞ்சது எண்ணெயாலயா, மாத்திரை மூணு மடங்கு ஏறினதாலயா? சொல்லுங்க. நீங்க பரிசோதனை பண்றவங்கதானே."

எந்த மாதிரியை ஏற்றுவதற்கு முன்னாலும் எதுவும் கலக்காத வெறும் கரைப்பானை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் மெஷினைத் தொடாதவர் அக்கா. எது எதனால் வந்தது என்று பிரித்துக் காட்ட முடியாத முடிவை அவர் யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில்லை.

டாக்ஸியில் திரும்பும்போது அண்ணன் விழித்திருந்தார். "குப்பிய மூணு தடவ அளந்தியே, என் ரத்தத்த ஒரு தடவ பார்க்கணும்னு தோணலையா உனக்கு?" என்று கேட்டார். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. குறிப்பு ஒன்றைப் படிக்கிற மாதிரிதான் கேட்டாராம். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும்வரை திரும்பவில்லை.

மறுநாள் அக்கா பரிசோதனைக்கூட மேலாளரிடம் தானாகவே போய், எண் போடாமல் மெஷினில் ஓட்டிய இரண்டு சோதனைகளைப் பற்றிச் சொன்னார். மேலாளர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது, பார்த்தும் பேசாமல் இருந்ததற்கு. நியாயம்தான். அக்கா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம் என் தட்டில் தினமும் ஒரு வேகவைத்த முட்டை விழுந்தது. கேட்ட மன்னிப்பு போதவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மருத்துவர் எண்ணெயை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. வலிப்பு மருந்து எதையும் திடீரென்று நிறுத்தினால் அதுவே ஆபத்து என்றார். கடை எண்ணெய்க்குப் பதிலாக, அதே பொருளைச் சுத்தமாகப் பிரித்து மருந்தாக அனுமதிக்கப்பட்ட சிரப்பை எழுதிக்கொடுத்தார். க்ளோபசாமைப் படிப்படியாக மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார். மாதம் ஒருமுறை கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை. மூன்றாவது மாதம் அதில் எண்கள் ஏறின. மூன்று மாத்திரைகளில் இன்னொன்றும் புது மருந்தும் சேர்ந்து கல்லீரலைப் படுத்துகின்றன என்றார். இரண்டிலும் கொஞ்சம் குறைத்தார். எண்கள் இறங்கின.

மாத்திரை பழைய அளவுக்கு ரத்தத்தில் இறங்கிய பிறகு, காலண்டரில் மாதத்துக்கு ஆறு புள்ளி. சில மாதம் ஐந்து. நான்கு திரும்பி வரவில்லை. ஆனால் பெரிய புள்ளி ஏறக்குறைய நின்றுபோனது. விழுவதற்கு முன்னால் ஏதோ வருகிறது என்று உணர்ந்து உட்கார்ந்துகொள்ள அண்ணனுக்கு இப்போது நேரம் கிடைத்தது. பதினொன்றிலிருந்து ஆறுக்கு வந்தது புது மருந்தால்தான் என்று மருத்துவர் இப்போது சொன்னார். அக்கா தலையாட்டினார், சந்தோஷப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வார இதழ் இரண்டு மாதம் வேறொருவரின் புதிரைப் போட்டது. வாசகர்கள் அதை ரசிக்கவில்லை என்று ஆசிரியர் போன் செய்தபோது, அண்ணன் எழுந்து நின்று போன் பேசினார். பிறகு புதுப் புதிரோடு, வருத்தம் தெரிவித்து அவரே ஒரு சிறு குறிப்பு எழுதி அனுப்பினார். உடல்நிலை சரியில்லை என்று மட்டும் போட்டிருந்தார், தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்கடுத்த வருடம் அண்ணன் தனியாக இருக்கப்போகிறேன் என்றார். இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில், ஒரு அறையும் சமையல் மூலையும் உள்ள வீடு. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று வாரம் இருவரும் சமையலறையில் ஒருவர் பேசும்போது மற்றவர் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"விழுந்தா யார் பார்ப்பா?"

"பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் டிரைவர். இதைவிட என்ன வேணும்?"

"அவர் டியூட்டில இருந்தா?"

"அப்ப நீ ஓடி வா. ரெண்டு தெருதானே. உனக்கும் நடை நல்லது."

போய்விட்டார். அடுப்புக்குப் பதிலாக மின்சாரக் கெட்டில், கூர் முனை இல்லாத மேசை, கையில் ஒரு பட்டன் உள்ள கடிகாரம். பட்டனை அழுத்தினால் அக்காவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போன் அடிக்கும். முதல் மாதம் இரண்டு முறை அடித்தது. ஒரு முறை நிஜம், இன்னொரு முறை சட்டையில் மாட்டி அழுந்திவிட்டது.

அக்காவுக்குச் சாயங்காலங்கள் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆறு மணிக்கு மேல் பரிசோதனைக்கூடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார், காவலாளி விளக்கை அணைக்கக் காத்திருப்பார். ஒரு நாள் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றார். கார் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

முதல் தேர்வில் நிறுத்தக் கோட்டுக்கு இரண்டு அடி முன்னாலேயே நின்று, அங்கிருந்து நகர மறுத்ததால் தோற்றார். இரண்டாவதில் கண்ணாடியைச் சரிசெய்யவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டதால் தோற்றார். மூன்றாவது தேர்வுக்கு நானும் போயிருந்தேன். மதியம் இரண்டு மணி, நல்ல வெயில். வண்டி மைதானத்தைச் சுற்றி வந்து நின்றது. அக்கா இறங்கி, தேர்வாளரிடம் காகிதத்தை வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் நடந்து வந்தார்.

"பாஸ் பண்ணிட்டேன். ரிவர்ஸ்ல கொஞ்சம் கோணல். அவர் கண்டுக்கல."

"கோணல்னு நீங்க சொன்னீங்களா அவர்கிட்ட?"

"சொல்லல" என்றார் அக்கா. "பசிக்குது, வா, எங்கயாவது போய் உக்காருவோம்."